மெழுகில் நிற்கும் சுரம்

வீணை கற்றுக்கொடுக்கும் தோழி ஒருவர், மேடையில் தன் வீணை தகரம்போல ஒலிக்கிறதே என்று வெகுநாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். காண்டாக்ட் மைக்கை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் வைத்துப் பார்த்தார். கடைசியில், "மேளம் கட்டி வருஷமாச்சு, முதல்ல தஞ்சாவூர்ல காட்டிடுவோம்" என்று கிளம்பினார். மேளம் கட்டுவது என்றால் வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுரம் சேர்ப்பது. நானும் உடன் போனேன்.

பட்டறை முழுக்கப் பலாவின் மஞ்சள் சிராய்கள். வேரில் தண்ணீர் நின்றால் பலா தாங்காது. டெல்டாவின் நஞ்சையில் அதற்கு இடமில்லை. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் முற்றிய மரம்தான் இங்கே வருகிறது. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. குடத்தையும் தண்டியையும் யாளி முகத்தையும் தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. இழைப்பும் செதுக்கும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, நான் மேளம் கட்டும் பெரியவர் அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தோழி மைக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குடத்தின் மேல்பலகையை விரல் கணுவால் தட்டினார்.

"மைக்கு இருக்கிறதைத்தானே தம்பி சொல்லும்? இல்லாததை எங்கேருந்து கொண்டாரும்?"

தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அந்த அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கி, குடத்துக் காற்றையும் சேர்த்து அசைக்கும்போதுதான் நாதமாகிறது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் மரப்பெட்டியும் செய்யும் வேலையை, வீணைக்குப் பலகையும் குடமும் செய்கின்றன. மரம் தடித்தால் ஒலி உள்ளேயே அடங்கிவிடும். அளவுக்கு மீறி மெலிந்தால் குபீரென்று எழுந்து, கார்வை இல்லாமல் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதை அந்த விரல் கணு அறியும்.

குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகட்டை அடுத்துக் காட்டினார். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தது. தொட்டால் மெல்லிய வளைவு. தந்தி அதிரும்போது அந்த வளைவின் மேல் பட்டுப் பட்டு எழுகிறது. வீணையின் ரீங்காரம் அங்கே பிறக்கிறது. ஒரு தந்தியை மீட்டும் இடத்தில் கணு (அதிராத புள்ளி) விழவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியலில் யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. வீணையிலும் தம்புராவிலும் அவையும் ஒலிக்கின்றன, காரணம் இந்த வளைந்த குதிரை என்று 1921-ல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர், திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். அவர் எழுதிய விஷயத்தைப் பெரியவர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தந்தியைச் சுண்டிக் கேட்டு, மறுபடி இழுத்துச் செய்துகொண்டிருந்தார்.

பிறகு மேளம். தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு ஓரமும் வரப்பாகக் கட்டி, அதன்மேல் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. இந்த அமைப்பை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டை மயிரிழை தள்ளுகிறார், தந்தியை அழுத்திக் கேட்கிறார், மறுபடி தள்ளுகிறார். சுரம் சேர்ந்தால் மட்டும் போதாது. மெட்டின் உயரம் பிசகினால் தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும். இதற்கு அவர் கருவி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. காதுதான்.

வேலை முடிந்ததும் தோழி வாசித்தார். மைக் இல்லாமலே பட்டறை நிறைந்தது.

காண்டாக்ட் மைக்கின் சிக்கல் தனி. அதை நேராக மிக்ஸரில் செருகினால் அடிநாதம் விழுங்கப்பட்டு, கீச்சு மட்டும் மிஞ்சும். நடுவில் அதற்கேற்ற ப்ரீஆம்ப் ஒன்று இருந்தால் பெரும்பாலும் தீரும். ஆனால் வரப்பு இளகி, மெட்டு சாய்ந்த வீணைக்கு எந்தப் பெட்டியும் உயிர் தராது.

பெரியவர் சிறுவனாக இருக்கும்போதே அப்பாவோடு பட்டறைக்கு வந்தவர். குடத்தின் உட்புறம் சுரண்டுவதுதான் முதல் வேலை. மேளத்தில் கைவைக்க அப்பா வெகுகாலம் விடவில்லையாம். "காது பழுக்கணும்னுவார்." அவருடைய மகன் இந்த வேலைக்கு வரவில்லை. "வான்னு கூப்பிட எனக்கு வாய் வரலை தம்பி" என்றார்.

ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிகிறது, கோபமும் வருகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் வந்தது. செய்தவர் பெயருக்கு வரவில்லை. நகரத்துக் கடையில் அதே வீணை கண்ணாடிக்குப் பின்னால் கடைப் பெயரோடு நிற்கிறது. மரத்தின் விலை ஏறினாலும் மெட்டுக்கான பித்தளையின் விலை ஏறினாலும் கடைக்காரர் தன் விலையை ஏற்றிக்கொள்வார். முன்பணம் வாங்கிய கடனில் கட்டுண்ட தொழிலாளி பேசிய கூலியிலேயே நிற்பார். நாதத்தைத் தீர்மானிக்கும் கைக்கு, பேரத்தில் குரலே இல்லை.

வீணை வாங்குகிறவர்கள் பட்டறைக்கே வரட்டும். குடத்தையும் மெட்டையும் அமைத்தவரின் பெயரை வீணையிலேயே பொறிக்கச் சொல்லிக் கேட்கட்டும். மேளம் கட்டும் கூலியைத் தனியே அவர் கையில் கொடுக்கட்டும். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் யோசிக்காமல் செலவிடும் நாம், நாதம் பிறக்கும் இடத்தில் பேரம் பேசுவது அநியாயம்.