எண் இல்லாத கடிகாரம்

வெள்ளைத் தட்டு, அதில் ஒரே ஒரு முள். எண் கிடையாது. நொடிக்கு ஒரு தாவல். நூறு தாவினால் ஒரு சுற்று. எப்போதாவது முள் ஒரேயடியாக இரட்டைத் தாவல் தாவும். கண்டவுடன் சாவியை அழுத்தவேண்டும். தனியறையில் இரண்டு மணி நேரம் இதே வேலை. கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் செய்த இந்தச் சோதனையின் முடிவு 1948இல் அச்சானது.

போர்க்காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களில், ரேடார் திரைமுன் உட்கார்ந்தவர்கள் தெரிந்த புள்ளியையே கோட்டைவிட்டார்கள். அதற்குக் காரணம் தேடப்போய் வந்த கடிகாரம் இது. இங்கேயும் அதே கதைதான். முதல் அரைமணி தாண்டியதும் தவறவிடுவது கூடிவிட்டது.

எனக்குச் செய்குத்தம்பிப் பாவலர் நினைவு வந்தது. இடலாக்குடிக்காரர். 1907இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்தவர். அவதானம் என்றால் சும்மாவா? ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார், நடுநடுவே மணி அடிக்கும், முதுகில் நெல்மணி வந்து விழும். கடைசியில் மணி எத்தனை, நெல் எத்தனை என்று பிசகாமல் சொல்லவேண்டும். இதைச் சாதித்த மனிதரை அந்தக் கடிகாரத்தின் முன் உட்கார வைத்திருந்தால்? அவரும் தவறவிட்டிருப்பார் என்றே பந்தயம் கட்டுவேன். சபையில் அடுத்த கேள்வி வந்துகொண்டே இருக்கும். எதிரே ரசிகர் கூட்டம் வேறு. கடிகாரத்தின் முன் எதுவுமே நடக்காது. அதுதான் ஆளைச் சாய்க்கிறது.

மேக்வொர்த் சோதனை நடுவே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் நன்றாகச் செய்யுங்கள் என்று சொல்லவைத்தார். கவனம் சற்று நிமிர்ந்தது. ஒருவித ஊக்க மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார், சரிவு தடைப்பட்டது. அரைமணி பார்வை, அரைமணி ஓய்வு என்று மாற்றிவிட்டபோதும் சரிவு இல்லை. மாத்திரை இல்லாத இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு வாட்ச்மேன் இரவு முழுக்க கேமரா திரைகள் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள் காணாமல் போனால், அசோசியேஷன் கூட்டத்தில் "தூங்கிட்டாரு" என்று தீர்ப்பு. அவர் தூங்கவே இல்லை, கண் திறந்துதான் இருந்தது என்று எடுத்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? செயலாளர் ஐயா, மாற்றிமாற்றிப் பார்க்க இன்னோர் ஆள் போடுங்கள். மாதச் சந்தா கூடினால் கூடட்டும், நான் தருகிறேன்.