பின்னால் வருகிறவர் கண்ணுக்கு

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று ராத்திரி ஈரோட்டிலிருந்து சென்னிமலைக்குத் திரும்பும்போது மச்சினன் காரில் என் பின்னாலேயே வந்தான். வெள்ளோடு தாண்டி, முன்னால் போன கரும்பு டிராக்டருக்காக நான் பிரேக் போட்டது அவனுக்குத் தெரியவே இல்லையாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் சொன்னான். "மாமா, உங்க வண்டி போகுதா நிக்குதான்னே தெரியலீங்க. லைட்டு எரியலைன்னு சொல்லல. எப்பவும் ஒரே மாதிரி எரியுது."

இருட்டியதும் வண்டியைத் தெருவில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லி மனைவியை நிற்க வைத்துவிட்டு, பால் சொசைட்டி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். "இப்ப மிதிச்சிருக்கனுங்க, தெரியுதுங்களா?" என்று அங்கிருந்து கத்துகிறாள். தெரியவில்லை. மச்சினன் சொன்னது சரிதான். வண்டி 2008 மாடல், 100 சிசி. பின் கண்ணாடி வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. முன்பக்கம் ஹெட்லைட்டுக்கு இதுவரை மூன்று விதமான பல்ப் மாற்றிப் பார்த்த ஆள் நான். முதுகுக்குப் பின்னால் எரிவதை யார் இறங்கிப் பார்க்கிறார்கள்?

டிசம்பர் 10, செவ்வாய்

இந்த மாதம் செகண்ட் ஷிஃப்ட் என்பதால் காலை நேரம் கையில் இருக்கிறது. டெயில் லைட் கண்ணாடியை இரண்டு ஸ்க்ரூ கழற்றி எடுத்தேன். உள்ளே செம்மண் புழுதி, ஒரு செத்த பூச்சி. பல்ப்பை அமுக்கித் திருப்பி வெளியே எடுத்தால் கண்ணாடிக் குமிழின் உட்புறம் கறுத்திருக்கிறது. டங்ஸ்டன் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் படிந்த கறுப்பு அது.

பித்தளை அடியில் 12 வோல்ட், 21/5 வாட் என்று பொறித்திருக்கிறது. ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை சும்மா எரிவதற்கு, 21 வாட் பிரேக்குக்கு. பக்கவாட்டில் இரண்டு முளைகள், ஒன்று மேலே ஒன்று கீழே. மாற்றிச் செருகினால் போகாது. இந்தச் சின்ன ஏற்பாட்டை யோசித்தவரைப் பார்த்தால் கும்பிடலாம்.

21ஐ 5ஆல் வகுத்தால் நான்கு மடங்குதானே என்று தோன்றும். வெளிச்சத்தில் கணக்கு அப்படி வராது. தர அளவுப்படி பெரிய இழை 440 லூமென், சின்ன இழை 35 லூமென். பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சூடு ஏற ஏற இழை வெளிச்சத்தை வாரிக் கொடுக்கும், சூடு கொஞ்சம் குறைந்தாலும் கையை இறுக்கிக்கொள்ளும். வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும்.

மில்லிலிருந்து கொண்டுவந்த மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.4. பிரேக்கை மிதித்து ஹோல்டரில் பார்த்தால் 10.9. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே காலி. மிச்சத்தைக் கறுத்த குமிழும் வெளுத்த கண்ணாடியும் பார்த்துக்கொண்டன.

டிசம்பர் 11, புதன்

கோளாறு எர்த்தில். டெயில் லைட்டுக்கு மூன்று வயர்கள் வருகின்றன. பிரவுன் டெயிலுக்கு, மஞ்சள் கோடு போட்ட பச்சை பிரேக்குக்கு, வெறும் பச்சை எர்த். அந்தப் பச்சை வயர் போல்ட்டில் உட்காரும் இடம் முழுக்கத் துரு. எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, புது வளையம் அடித்து முறுக்கினேன். ஹோல்டரின் உள்பக்கத்தையும் தேய்த்து, சுருங்கிக் கிடந்த ஸ்பிரிங்கை இழுத்துவிட்டேன். மீட்டரில் இப்போது 12.1.

புது பல்ப், புது கண்ணாடி. இரண்டும் சேர்த்தே பெரிய செலவில்லை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிட்டது. எல்இடி வாங்க ஓடுகிற எல்லாரும் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது, யார் கேட்கிறார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வண்டிப் பக்கமே போகவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆனாலும் எல்இடி ஆசை விடவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய கால் நொடி ஆகும், எல்இடி அந்தக் கணமே எரியும். 0.2 நொடி என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவார். மூன்று மீட்டர் என்றால் ஒரு வண்டி நீளமும் அதற்கு மேலும்.

ஈரோட்டில் வாங்கி வந்த வெள்ளை எல்இடியோடு மெக்கானிக் தம்பியிடம் போனேன். பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்ணா, கண்ணாடி செவப்பு, உள்ள வெள்ளைய வெச்சா என்னத்துக்கு ஆகும்? செவப்பே போடுங்ணா." யோசித்தால் சரிதான். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடிமேல் மஞ்சள் பூச்சு. அதில் சிவப்பு குறைவு. சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை விழுங்கிவிட, வெளியே வருவது வெளிறிய ஒளி. பழைய இழையின் வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம், அதனால்தான் அதற்குச் சிவப்புக் கண்ணாடி பொருந்தியது.

சரி, எதற்கும் பார்ப்போம் என்று போட்டோம். கண் கூசுகிற அளவுக்கு எரிகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால்? முன்பும் பளிச், பின்பும் பளிச். மச்சினன் சொன்ன அதே குறை, இந்த முறை காசு கொடுத்து. டெயில் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது பேச்சே இல்லை. டெயிலுக்கும் பிரேக்குக்கும் நடுவே எவ்வளவு எகிறுகிறது என்பதுதான் பின்னால் வருகிறவருக்குச் செய்தி. கடையில் யாரும் அதைப் போட்டுக் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. மில் விட்டு வரும்போது இங்கூர் பக்கம் பனி இறங்கி நிற்கிறது.

காலையில் சிவப்பு எல்இடி போட்டோம். மிதித்தால் நன்றாகவே எகிறுகிறது. இரண்டு வில்லங்கங்கள். ஒன்று, ஐடிலில் டெயில் மங்கி நடுங்குகிறது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயிலும் பேட்டரியைத் தொடுவதில்லை, இன்ஜின் சுழற்சியில் வரும் ஏசியில் நேராக எரிகின்றன. பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் இவைதான் பேட்டரி. இழை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏசியில் எரிந்தாலும் துடிப்பு தெரியாது, எல்இடிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெக்கானிக் தம்பி பிரவுன் வயரைத் துண்டித்து, சாவி ஆன் செய்தால் வரும் பேட்டரி லைனிலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு வயர் இழுத்தார். எல்இடி தின்பது ஒரு வாட், இரண்டு வாட். பேட்டரிக்கு அது பெரிய பாரம் இல்லை. இனி சிக்னலில் இன்ஜினை நிறுத்தினாலும் டெயில் எரியும். உண்மையில் இந்த லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது, நம்பர் பிளேட். டெயில் லைட்டின் அடியில் நிறமில்லாத ஜன்னல் ஒன்று இருக்கும், பிளேட்டுக்கு வெளிச்சம் விழுவது அதன் வழியாகத்தான். உள்ளே சிவப்பு வைத்ததும் பிளேட் ரத்தச் சிவப்பு. வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எண் படிக்கத் தெரிய வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. விரல் நுனி அளவு வெள்ளை எல்இடி ஒன்றைத் தனியாகப் பிளேட்டுக்கு மேலே திருகினோம்.

இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். பல்ப்பின் வாட்டை நம்பி வேலை செய்கிற பழைய ஃப்ளாஷர், எல்இடி போட்டால் தாறுமாறாகத் துடிக்கும், அதற்கு வேறு ரிலே. இண்டிகேட்டர் இப்போது ஒழுங்காகத்தானே எரிகிறது.

டிசம்பர் 19, வியாழன்

காரின் பின்கண்ணாடியில் மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் இருக்கிறதே, அதன் கதையைப் படித்தேன். சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் 343 டாக்ஸிகளின் பின்னால் நடுவில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை விளக்கைப் பொருத்தி, மற்ற டாக்ஸிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1974இல் முடிவு வந்தது. பின்னால் மோதுவது 60 சதவீதம் குறைந்திருந்தது. 1986 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு மூன்றாவது விளக்கு கட்டாயம். எல்லாக் கார்களுக்கும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு கணக்கெடுத்தபோது பலன் 4.3 சதவீதத்தில் நின்றது. அறுபது எங்கே, நான்கு எங்கே. இருந்தாலும் எனக்கு அந்த நான்கு போதும்.

கேரியருக்குக் கீழே கைச்சாண் நீளத்தில் சிவப்பு எல்இடி பட்டை ஒன்றை மாட்டினோம். பிரேக்குக்கு மட்டும் எரியும். மற்ற நேரம் இருட்டாகவே இருக்கும், அதுதான் அதன் வேலை. விட்டு விட்டு மின்னுகிற மாதிரியும் கிடைக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் வருகிறவருக்கு நான் நிற்கிறேனா, திரும்புகிறேனா என்று யோசனை வர வைத்தால் அந்த யோசனைக்கும் நேரம் ஆகும். பையன்கள் டெயில் லைட்டுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

டிசம்பர் 21, சனி

ரிஃப்ளெக்டர் டேப். மட்கார்டின் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் சாரி கார்டில் மஞ்சள். ஒட்டுமுன் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குமேல் ஒட்டினால் மழைக்கு நிற்காது. ஃபியூஸ் போனாலும், வயர் அறுந்தாலும், வண்டியை ஓரம்கட்டி சாவியை எடுத்துவிட்டாலும் இது வேலை செய்யும், வருகிற வண்டியின் வெளிச்சம் ஒன்றே போதும். செலவுக்குப் பலன் பார்த்தால் இதுவரை செய்ததில் இதுதான் முதல். மஞ்சள் மூட்டை ஏற்றி வரும் டிராக்டர் டிரெய்லர்களில் பாதிக்கு இதுகூட இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

கடைசியாகப் பெடல் ஸ்விட்ச். பெடல் பாதி தூரம் இறங்கி, வண்டி வேகம் குறைய ஆரம்பித்த பிறகே விளக்கு எரிந்தது. ஸ்விட்ச்சின் நட்டைத் திருகிக் கொஞ்சம் மேலே தூக்கினேன். இப்போது கால் வைத்த கணமே எரிகிறது, காலை எடுத்தால் அணைந்தும் விடுகிறது. அதிகமாகத் தூக்கினால் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அது எரியாததைவிட மோசம். முன் பிரேக் லீவரில் இந்த வண்டிக்கு ஸ்விட்ச்சே கிடையாது. அதனால் முன் பிரேக் மட்டும் பிடிக்கிற நேரத்திலும் பெடலை லேசாகத் தொட்டுக்கொள்கிறேன். கியரைக் குறைத்து வேகம் இறக்கும்போதும் அப்படித்தான்.

ராத்திரி மச்சினனைக் காரில் பின்னால் வரச் சொல்லிப் பெருந்துறை ரோட்டில் போய் வந்தோம். "இப்ப தெரியுதுங்க மாமா, நல்லாவே தெரியுது," என்றான். அதோடு நிற்காமல், அவன் அப்பாவின் பழைய மொபெட்டுக்கும் இதே மாதிரி செய்து தர வேண்டும் என்கிறான். அதில் பேட்டரியே இல்லை, பிரேக் லைட்டும் ஏசியில்தான் எரிகிறது. ரெக்டிஃபையரும் கபாசிட்டரும் போட்டால்தான் எல்இடி நடுங்காமல் நிற்கும். செவ்வாய்க்கிழமை காலையில் ஈரோடு போய் வாங்கி வர வேண்டும்.