நிறுத்தவும் ஒரு பெலன் வேண்டும்



எடுத்த காரியத்தை விசுவாசி இடையில் விடக்கூடாது என்று எங்கள் வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். பரீட்சைக்கும் சொல்கிறோம், உபவாசத்துக்கும் சொல்கிறோம். 2012 ஏப்ரலில் பொஸ்ரன் மரதன் ஓட்டத்துக்குப் போய்வந்த பிறகு, அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எங்கள் வீட்டில் நினைக்கிறோம்.

பொஸ்ரனில் நினைத்தவர் எல்லாரும் ஓட முடியாது. பெரும்பாலானவர்கள் தங்கள் வயதுக்கு வைக்கப்பட்ட நேரத்துக்குள் வேறொரு மரதனை முடித்துக் காட்டவேண்டும். பிள்ளைகளின் அப்பா அப்படித்தான் இடம் பெற்றார். பனிக்காலம் முழுவதும் விடியற்காலையில் கையுறையும் தொப்பியும் போட்டு ரொறன்ரோ வீதிகளில் ஓடினார். சபையில் பலர் அவருக்காக ஜெபித்தீர்கள்.

ஓட்டம் ஏப்ரல் 16, திங்கட்கிழமை. அப்பம்மா, பிள்ளைகள் இருவர் என்று குடும்பமாகவே காரில் புறப்பட்டோம். ஏறக்குறைய 900 கிலோமீற்றர் தூரம். உடுவிலில் படித்த அப்பம்மாவுக்கு பொஸ்ரனைப் பார்க்க நெடுநாள் ஆசை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்த மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கன் மிஷன் சங்கத்தின் தலைமையகம் இருந்த நகரம் அல்லவா அது!

போய்ச் சேர்ந்தபோது, எதிர்பாராத செய்தி காத்திருந்தது. திங்கட்கிழமை வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டும் என்றார்கள். ஓட்டத்தை நடத்தும் பொஸ்ரன் தடகளச் சங்கம், வேகமாக ஓடி நல்ல நேரம் எடுக்க இது நாள் அல்ல என்று எச்சரித்தது. விரும்பியவர்கள் இந்த முறை விலகி, 2013இல் ஓடலாம் என்றும் அறிவித்தது.

ஹோட்டல் அறையில் அன்றிரவு நெடுநேரம் பேசினோம். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் எங்களுக்கு, சூடு உடலுக்கு என்ன செய்யும் என்பது தெரியும். ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளிவருகிறது. அதை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போகவேண்டும்; ஓடுவதற்கோ அதே இரத்தம் தசைகளுக்கு வேண்டும். வெயிலில் இரண்டுக்கும் ஈடுகொடுக்க இருதயம் திணறும். உடல் சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். எங்களிடம் இருந்ததோ இரண்டு இரவுகள்தான்.

உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கினால், அது உயிராபத்து. அதில் பெரிய ஆபத்து என்னவென்றால், தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. "இன்னும் ஓடலாம்" என்றே தோன்றும்.

அடுத்த ஆண்டு ஓடலாமே என்று யோசித்தோம். அப்பம்மாவுக்கு வயது 76. அடுத்த ஆண்டு இவ்வளவு தூரம் வருவாரோ தெரியாது. அவரிடமே கேட்டோம். "தம்பி, நீ ஓடுறதைப் பாக்கத்தான் வந்தனான். விழுறதைப் பாக்க வரேல்லை" என்றார்.

ஜெபித்துவிட்டு, ஹோட்டல் தாளில் மூன்று நிபந்தனைகள் எழுதினோம். ஒன்று, கிலோமீற்றருக்கு ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடுவது, நேரத்தைத் துரத்துவதில்லை. இரண்டு, தாகத்துக்கு மட்டும் குடிப்பது. அளவுக்கு மிஞ்சிய தண்ணீரும் ஆபத்துத்தான்: 2002இல் இதே ஓட்டத்தை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று, தலைச்சுற்று, வாந்தி, வெயிலிலும் குளிர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நிற்பது. மூத்தவன் அதைச் சத்தமாக வாசித்தான். அப்பா கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை நாங்கள் ரயிலில் நியூட்டன் பகுதியிலுள்ள வூட்லண்ட் நிலையத்துக்குப் போய், மர நிழலில் அப்பம்மாவை இருத்திவிட்டுக் காத்திருந்தோம். ஓட்டப் பாதையில் அது ஏறக்குறைய 27ஆம் கிலோமீற்றர். பெயர்பெற்ற மேடுகள் அதற்குச் சற்று அப்பால்தான் தொடங்குகின்றன. அங்கு குடியிருப்பவர்கள் ஓடுபவர்கள்மேல் தண்ணீர்க் குழாயால் பீச்சினார்கள். ஐஸ் கட்டி கொடுத்தார்கள்.

அவர் நடந்துதான் வந்தார். இன்றைக்கு என்ன நாள், பிள்ளைகளின் பிறந்த நாள் என்ன என்று கேட்டோம். சரியாகவே சொன்னார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். அந்த வெயிலில் மயிர் சிலிர்த்திருந்தது. "குளிருது" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையில் குத்தியிருந்த இலக்கத்தை அவரே கழற்றினார்.

நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, உடம்பெல்லாம் நனைத்தோம். மருத்துவ உதவிக் குழுவினரும் வந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அப்போதுதான் மூத்தவன் அழுதுகொண்டே கேட்டான்: "அப்பா தோத்திட்டாரா?"

அந்தக் கேள்விக்கு மாலைச் செய்தி கொஞ்சம் உதவியது. முந்தைய ஆண்டு இதே பாதையை 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி வென்ற கென்ய வீரர் ஜெஃப்ரி முத்தாயும் அன்று வயிற்றுப் பிடிப்போடு இடையில் நின்றுவிட்டார். முன்னால் போனவர்களைத் துரத்தாமல் நிதானமாக வந்த வெஸ்லி கோரிர், 2 மணி 12 நிமிடம் 40 விநாடியில் வென்றார்.

அதைவிட அதிகம் உதவியது, இரவு குடும்ப ஜெபத்தில் அப்பம்மா வாசிக்கச் சொன்ன 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். முந்தைய அதிகாரத்தில் ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல்வரை ஓடிய எலியா, இங்கே சூரைச்செடியின்கீழ் படுத்துக் கிடக்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி கொடுத்தான். ஓரேப்புக்கு 40 நாள் பயணம் அதன் பிறகுதான். நின்று இளைப்பாறியதால் எலியாவின் ஓட்டம் முடிந்துபோகவில்லை. மூத்தவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தம்பி தங்கையரே, கோடை வருகிறது. கிரிக்கெட் போட்டிகளும் முகாம்களும் வரும். வெயிலில் உபவாசமும் வரும். துணிவாகத் தொடங்குங்கள். ஆனால் எந்த அடையாளம் கண்டால் நிற்பீர்கள் என்பதை, தலை தெளிவாயிருக்கும்போதே, முந்தின நாளே எழுதுங்கள். எழுதியதை உங்களில் அன்புள்ள ஒருவர் கையில் கொடுங்கள். அந்த நேரம் வந்து அவர் "போதும்" என்றால், கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.