வசனமும் மறியலும்

ஊரில் ‘சென்டென்ஸ்’ என்றால் வசனம். எழுவாய், பயனிலை, கடைசியில் முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் படித்தோம். ரொறன்ரோவில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக வேலைக்குப் போன பிறகுதான், ஆளை உள்ளே அனுப்புகிற சொல்லும் அதுவே என்பது எனக்குப் பழகியது. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கருத்து என்று பொருள். நீதிபதி தன் கருத்தைச் சொல்கிறார், அதுவே தண்டனை.

எங்களுடைய சொல்லின் அடியில் கிடப்பது கருத்தல்ல, தடி. தண்டம் என்றால் கோல். யாழ்ப்பாணத்து வாயில் அது தெண்டம்: லைட் இல்லாத சைக்கிளில் போய்ப் பொலிசிடம் பிடிபட்டவன் கோட்டில் கட்டுகிற காசு. அதே ஊரில் ‘தெண்டிச்சுப் பார்’ என்றால் முயன்று பார் என்று அர்த்தம். சோதனையில் தவறியவனுக்கும் அதைத்தான் சொல்வோம்.

மறியல் இன்னொரு வில்லங்கம். தமிழ்நாட்டு நண்பரிடம் ஒருமுறை ‘அவர் ஆறு மாதம் மறியலில் இருந்தவர்’ என்றேன். ‘ஆறு மாசமா ரோட்டுலயா உட்கார்ந்திருந்தார்?’ என்று கேட்டார். அவருக்கு மறியல் என்பது பேருந்தை மறிப்பது, எங்களுக்குச் சிறை. அவர்கள் ரிமாண்ட் என்பதை நாங்கள் விளக்கமறியல் என்போம், ஜாமீனைப் பிணை என்போம்.

கனடாவில் 1996 முதல் ‘கண்டிஷனல் சென்டென்ஸ்’ என்று ஒன்று உண்டு. சிறைக்குப் போகாமல், நிபந்தனைகளோடு வெளியில் இருந்தே தண்டனையைக் கழிப்பது. பெரும்பாலும் வீட்டுக்குள் அடைபட்டிருக்க வேண்டும். இதை ஒரு வயதான தாய்க்கு விளங்கப்படுத்தினேன். ‘வீட்டுக்குள்ளை இருக்கிறது என்னெண்டு தம்பி மறியல்? நாங்கள் ஊரடங்கிலை சும்மாவெல்லோ இருந்தனாங்கள்’ என்றார். அதற்கு என்னிடம் ஆங்கிலத்திலும் பதில் இருக்கவில்லை.

தண்டனையைத் தீர்மானிக்குமுன் குற்றவாளியிடம், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி கேட்க வேண்டும். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் அது 726ஆம் பிரிவு. நான் தமிழில் கேட்டேன். எதிரே நின்ற பெடியன் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ‘ஒண்டுமில்லை அண்ணை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்றான். கேட்ட எதையும் விடக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘அண்ணை’யை மட்டும் விட்டுவிட்டேன். அது எனக்குச் சொன்னது.

அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் நினைவுக்கு வரும். 1996 செப்டெம்பர் 7, யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமியைக் கைதடிச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். பிள்ளையைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பவில்லை. அந்தக் கொலைவழக்கில் 1998 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டபோது, சோமரத்ன ராஜபக்ஷ என்ற சிப்பாய் வாய் திறந்தான்: செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்டுவேன். மரணதண்டனைக்கு முன்னால் அவன் சொன்ன வசனம் அது.

1999இல் தோண்டினார்கள். பதினைந்து எலும்புக்கூடுகள் கிடைத்தன. பிறகு கோப்பு மூடிக் கிடந்தது. அவனும் தூக்கில் தொங்கவில்லை. இலங்கையில் 1976 ஜூனுக்குப் பிறகு தீர்ப்பு உண்டு, தூக்கு இல்லை. (கனடா மரணதண்டனையைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான்.) 2025இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் தட்டுப்பட்டன. இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள். நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் வந்தது.

அந்தப் பையின் படத்தைப் பேருந்தில் கைபேசியில் பார்த்தேன். அடுத்த நாளும் வேலை இருந்தது. வேறொரு பெடியன், அதே கேள்வி. கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். ‘ஒண்டுமில்லை’ என்றான்.