வண்டிக்குக் காய்ச்சல்

டாஷ்போர்டுல திடீர்னு ஒரு விளக்கு எரிஞ்சா நீங்க என்ன செய்வீங்க? நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

2021 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. (அப்போ இங்க அமீரகத்துல வாரவிடுமுறை வெள்ளி, சனி. 2022 ஜனவரியிலதான் மாத்தினாங்க.) ஷார்ஜா எமிரேட்டுல மிலீஹா பக்கத்துல ஃபாசில் ராக்னு ஒரு பாறைக்குன்று இருக்கு. ஒரு காலத்துல கடலடியில கிடந்த இடம், பாறையில கடல் உயிரினங்களோட தடம் இன்னும் இருக்கு. சுத்திலும் சிவந்த மணல். திசையன்விளை பக்கம் தேரிக்காட்டுல வளர்ந்தவனுக்கு அந்தச் சிவப்பைப் பார்த்தாலே கை கால் பரபரங்கும். அங்க செருப்பில்லாம ஓடினேன், இங்க நாலு சக்கரமும் இழுக்கற பழைய ஜப்பான் வண்டியில. ஆட்டோமேட்டிக் கியர். கம்பெனி பேரு வேணாம், தப்பு வண்டி மேல இல்ல.

வண்டியில நான், தங்கமணி, ஏழு வயசுப் பையன். முன்னால கீழக்கரை காக்காவோட வண்டி. இருபது வருஷமா மணல்ல ஓட்டறவர், நமக்குக் குரு. ஒரு ஏத்தத்துல மூணு தடவை ஏறிப் பார்த்து மூணு தடவையும் பாதியிலேயே சறுக்கி இறங்கினேன். நாலாவது தடவைக்குப் பின்னால வரும்போதுதான் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாயிடுச்சுன்னு சொல்ற விளக்கு எரிஞ்சது. தங்கமணி கேட்டா, "ஏங்க, அது என்ன லைட்டு?" "ஒண்ணுமில்ல, பழைய வண்டி, அப்படித்தான்"னேன். அஞ்சாவது தடவை பாதி ஏத்தத்துல எஞ்சின் அலறுது, சக்கரம் சுத்தமாட்டேங்குது. கருகின வாசனை. பையன் மூக்கைப் பொத்திக்கிட்டான். பதறிப்போய் நான் செஞ்ச முதல் காரியம், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைச்சது.

காக்கா மணல்ல சறுக்கி இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வியே, "ஏன் தம்பி அணைச்சீங்க?"

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ள எண்ணெயைச் சுத்தவிடற பம்பை எஞ்சின்தான் ஓட்டுது. எஞ்சின் நின்னா பம்பும் நிக்கும், கொதிக்கற எண்ணெய் கொதிக்கற இடத்துலயே கிடக்கும். நியூட்ரல்ல போட்டு எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினாத்தான் எண்ணெய் கூலருக்குப் போய்ப் போய் வந்து ஆறும். இது தெரியாமலே ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன். அன்னிக்கு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்னோம். பொழுது சாஞ்சு இருட்டற நேரத்துல தார் ரோட்டைத் தொட்டோம். வழியெல்லாம் தங்கமணி ஒரு வார்த்தை பேசல. வீட்டு வாசல்ல மட்டும், "இனிமே நானும் புள்ளையும் வரல. நீங்க போறதுன்னா போங்க"ன்னா. லைட்டு எரிஞ்சதுக்கு இல்ல, "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னேனே, அதுக்கு.

சரி, எண்ணெய் ஏன் அவ்வளவு சூடாகுது? ஒரு ஃபேனுக்கு எதிர்ல இன்னொரு ஃபேனை வெச்சு முதல் ஃபேனைப் போட்டா, அந்தக் காத்துல ரெண்டாவதும் சுத்தும் இல்லையா? டார்க் கன்வர்ட்டர் அதேதான், காத்துக்குப் பதிலா எண்ணெய். ஹைவேயில ஓடும்போது உள்ள ஒரு கிளட்ச் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிடும், சூடு கம்மி. மணல்ல மெதுவா, முழு மிதியில ஏறும்போது பூட்டு விழாது. எஞ்சின் பக்கத்து விசிறி வேகமா சுத்தும், சக்கரத்துப் பக்கத்து விசிறி திணறும். நடுவுல வீணாகற சக்தி முழுக்க எண்ணெய்ல சூடா இறங்கும். அந்த எண்ணெய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ள இருக்கற சின்னக் குழாய் வழியா போய்த்தான் ஆறணும். ஆனா ரேடியேட்டர் தண்ணியே 90 டிகிரி! வெந்நீர்ல குளிச்சு உடம்பு குளிரணும்னா எப்படி? மெக்கானிக்குங்க ஒரு கணக்கு சொல்வாங்க: 80 டிகிரி சுமாருக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயோட ஆயுசு பாதிப் பாதியா குறையும்னு. தோராயக் கணக்குதான், ஆனா டிப்ஸ்டிக்கை உருவி பழுப்பு நிறத்தையும் தீஞ்ச வாசனையையும் பார்த்தப்ப எனக்கு நல்லாவே புரிஞ்சது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல எனக்கு ஒரு உஸ்தாத் இருக்கார். பெஷாவர்க்காரர். அவர் உருது, நான் தப்புத்தப்பா ஹிந்தி. பழைய சாமான் கடையில கழட்டின கூலர் ஒண்ணை நூறு திர்ஹாமுக்குப் பேசி, பெருமையா கொண்டுபோனேன். கையில வாங்கி ஒரு குலுக்கு குலுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். செத்துப்போன கியர்பாக்ஸ்ல இருந்து வந்த கூலர்னா அதோட இரும்புத்தூள் உள்ளயே இருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது, உன் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கொன்னுடும்னார். புதுசு வாங்கினேன். தட்டுத்தட்டா அடுக்கின வகை, குழாயை வளைச்சு வளைச்சு செஞ்சதைவிட அதே அளவுல கூடுதலா ஆத்தும். பெட்டிக்குள்ள நாலு பிளாஸ்டிக் குச்சி இருந்துச்சு, ஏசி கண்டென்சர் வழியா குத்தி இழுத்துக் கட்டிடலாமாம். அதையும் தூக்கிப் போட்டுட்டார். குலுங்கற வண்டியில அது அறுத்து அறுத்துக் கண்டென்சரையே ஓட்டை போட்டுடும். தகடு வளைச்சு, ரப்பர் வெச்சு, போல்ட் போட்டார்.

ஆனா கூலருக்கும் முன்னால டிகிரி காட்டற மீட்டரைத்தான் மாட்டச் சொன்னார். "ஜுரம் எவ்வளவுன்னு தெரியாம மருந்து கொடுப்பியா?" ஒரு மாசம் வெறும் மீட்டரோட ஓட்டினேன். ஹைவேயில 88, 90. மணல்ல இருபதே நிமிஷத்துல 128. விளக்கு அப்பவும் எரியல! அது ரொம்பத் தாமதமா எழுப்பற அலாரம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

மாட்டற வேலை 2022 ஜனவரியில. கியர்பாக்ஸ்ல இருந்து ரெண்டு குழாய் ரேடியேட்டருக்குப் போகுது, எது போறது, எது திரும்பறதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு குழாயைக் கழட்டி டப்பாவுல விட்டு அஞ்சு செகண்ட் எஞ்சினைப் போட்டுப் பார்த்தோம். ரேடியேட்டரைத் தாண்டி, திரும்பற வழியிலதான் புதுக் கூலர். பெரிய சூட்டை ரேடியேட்டர் எடுத்துக்கும், மிச்சத்தைக் கூலர் காத்துல விட்டுடும். ஹோஸ் வாங்கினதுலயும் திட்டு வாங்கினேன். பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, கியர் எண்ணெய்க்குன்னே இருக்கறதைத்தான் போடணும். எல்லாம் முடிஞ்சு சூடா ஓடவிட்டு, டிப்ஸ்டிக் பார்த்து எண்ணெய் கூட்டினோம்.

அடுத்த வாரம் அதே ஃபாசில் ராக். மீட்டர் 106-ஐத் தாண்டல. எனக்குத் தலைகால் புரியல :-)

ஏப்ரல்ல புரிஞ்சது. வெயில் ஏறினதும் மணல்ல ஏசி வெந்நீர்க் காத்தா அடிக்குது. கூலரைக் கண்டென்சருக்கு முன்னால வெச்சிருக்கோம் இல்ல, எண்ணெய் கக்கற சூடு முழுக்கக் கண்டென்சர் மேல. மறுபடி உஸ்தாத், மறுபடி காசு. கூலரைப் பம்பர் ஓரத்துக்கு இறக்கி, தனியா ஒரு குட்டி ஃபேனும், சூடானா தானாப் போடற சுவிட்சும் வெச்சார். முதல்லயே இதைச் செஞ்சிருக்கலாமேன்னேன். "முதல்ல நீ காசு இல்லேன்னியே"ன்னார். வாஸ்தவம்.

காக்கா கூலரைப் பார்த்துட்டுப் பெருசா ஒண்ணும் சொல்லல. டயரை அமுக்கிப் பார்த்தார். "22 வெச்சிருக்கீங்க. 15-க்கு இறக்குங்க தம்பி. ஏத்தத்துக்கு லோ கியர் போடுங்க." இறக்கினேன், போட்டேன். மீட்டர் 97. ஆயிரத்து சொச்சம் திர்ஹாம் செலவழிச்சு 22 டிகிரி இறக்கின எனக்கு, காத்தைப் பிடுங்கிவிட்டே இன்னொரு ஒன்பதை இறக்கிக் காட்டிட்டார் மனுஷன்.

இதையெல்லாம் வீட்டுல சொன்னேன். தங்கமணி காய் நறுக்கிக்கிட்டே கேட்டா, பதில் சொல்லல. அந்த சீசன் பூரா நான் தனியாத்தான் போனேன். பையன் வாசல்ல நின்னு டாட்டா காட்டுவான், அதுதான் கஷ்டமா இருக்கும்.

2022 நவம்பர்ல ஒரு நாள் அவளாவே கேட்டா, "அந்த மீட்டரு எங்க இருக்கு?" ஸ்டியரிங் பக்கத்துலன்னேன். "அதை என் பக்கம் திருப்பி வைங்க."

வெச்சேன். இப்போ வண்டி மணல்ல இறங்கினா டிகிரி வாசிக்கறது அவதான். "தொண்ணூத்தி நாலு... தொண்ணூத்தி ஒன்பது... நூத்தி மூணு." நூத்தி அஞ்சு வந்தா, எவ்வளவு அருமையான ஏத்தமா இருந்தாலும், "நியூட்ரல்"னு ஒரே வார்த்தை. பின் சீட்டுல இருந்து பையனும் கூடவே கத்துவான், "எஞ்சினை அணைக்காதீங்கப்பா!"