பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியை எதிர்பார்க்கின்றது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. நம் மாணவர்களின் வீடுகளிலோ அத்தகைய கணினிகள்தாம் மிகுதி. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, இயங்கலை வகுப்புக்காகப் பெற்றோர் பலர் அரும்பாடுபட்டு வாங்கியவை அவை.

அண்மையில் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். சரக்குந்து ஓட்டுநர், மூன்று பிள்ளைகள். கடையில் கேட்டபோது, “இனி இது உதவாது, புதியது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டனராம். “டீச்சர், தவணையில ஒன்னு எடுத்திடலாமா? மூனு பிள்ளைங்களுக்கும் இது ஒன்னுதான் இருக்கு,” என்றார். கணினியைத் திறந்து பார்த்தேன். 4 கிகாபைட் நினைவகம், 64 பிட் செயலி, நல்ல நிலையிலுள்ள விசைப்பலகை. “இரண்டு வாரம் பொறுங்கள் ஐயா,” என்று கேட்டுக்கொண்டேன். தவணை என்றால் மாதந்தோறும் அவர் வீட்டுச் செலவிலிருந்து ஒரு தொகை போய்விடும். ஆகவே, எந்த லினக்ஸ் என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருக்கவில்லை.

லினக்ஸின் கருவை 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். அக்கருவோடு பிற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவதையே வழங்கல் என்கிறோம். அவ்வாறான வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. புதியவர் திகைத்துப்போவது இங்கேதான். நான் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: 2004இல் தோன்றிய உபுண்டு, அதன் இலகுவான வடிவமான லுபுண்டு, 2006இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட். மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தேன். குறைந்த நினைவகமுள்ள கணினிக்கு அது பொருந்தும்.

மூன்றையும் தனித்தனி விரலியில் ஏற்றினேன். லினக்ஸின் பெரிய வசதி இது. கணினியில் எதையும் நிறுவாமல், விரலியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம்; பழைய கோப்புகளுக்கு ஊறு நேராது. பிறகு, அத்தந்தையின் மூத்த மகளை அமர வைத்தேன். ஆறாம் ஆண்டு மாணவி. மூன்று வேலைகளைக் கொடுத்தேன்: உலாவியைத் திறந்து அமைச்சின் டெலிமா தளத்திற்குச் செல்லுதல், தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்தல், அதைச் சேமித்துவிட்டு மீண்டும் தேடி எடுத்தல். நான் வாய் திறக்கவில்லை.

உபுண்டுவில் திரையின் இடப்புறம் இருந்த சின்னங்களைப் பார்த்துச் சற்று நேரம் தடுமாறினாள். லுபுண்டு இலகுவாக ஓடியது. ஆனால் கோப்பைச் சேமித்த இடம் அவளுக்குப் பிடிபடவில்லை. மின்ட்டில் பட்டியல் இடப்பக்கக் கீழ்மூலையில், விண்டோஸில் அவள் பழகிய இடத்திலேயே இருந்தது. மூன்று வேலைகளையும் தானே முடித்துவிட்டு, “அடுத்து என்ன டீச்சர்?” என்றாள். விரலியிலிருந்து இயங்கும்போது எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும். எனவே, விரைவை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. அருகில் யாரும் இல்லாதபோது பிள்ளை தானே சமாளிப்பாளா என்பதையே பார்த்தேன்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும், அதற்குரிய எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். அதில் தமிழ்99 விசைப்பலகை உண்டு. முரசு அஞ்சலில் தமிழ்99 பழகியவர்கள் அதே விரல் பழக்கத்தோடு தொடரலாம். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ், சிறுவர் ஓவியத்திற்கு டக்ஸ் பெயின்ட், தொடக்கநிலைப் பயிற்சிகளுக்கு ஜிகாம்ப்ரி ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வேர்டில் செய்த தேர்வுத்தாளை லிப்ரே ஆபீஸில் திறந்தால் சில வேளைகளில் வரிகள் இடம் மாறும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்து வைத்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறியீடுகளாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே நிலையான தீர்வு. நிறுவுவதற்கு முன் படங்கள், கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க மறவாதீர். நிறுவிய பின், மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் செயலியை ஒருமுறை அமைத்துவிடுங்கள். பிள்ளைகள் அமைப்பை எங்காவது மாற்றிவிட்டாலும் முந்திய நிலைக்குத் திரும்பலாம்.

இன்னொரு கருத்து. ஒரு பள்ளியில் ஒரே வழங்கலைப் பயன்படுத்துவது நன்று. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால் ஐயம் எழும்போது ஒருவருக்கொருவர் உதவ இயலாது. இன்று எங்கள் பள்ளியில் நான்கு குடும்பங்கள் மின்ட் பயன்படுத்துகின்றன. அந்த ஆறாம் ஆண்டு மாணவிதான் மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் தமிழ்99 சொல்லிக்கொடுத்தாள். அவள் தந்தை தவணை எடுக்கவில்லை.

மின்ட்தான் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் வாதிடவில்லை. உங்கள் வீட்டுப் பழைய கணினியைத் தூக்கி எறியும் முன், 8 கிகாபைட் விரலி ஒன்றில் ஏற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். எது பொருந்தும் என்பதைப் பிள்ளையே உங்களுக்குக் காட்டிவிடும்.