மிதுனத்தின் காலடியில்

அனந்தபுரம்,
19.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட்டு முடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். நல்ல இருட்டு. மிதுனத்தில் குரு பளிச்சென்று நின்றார். அந்த ராசியின் காலடியில்தான், கண்ணுக்குத் தெரியாமல், ஐசி 443 என்ற சூப்பர்நோவா எச்சம் இருக்கிறது. சுமார் 5,000 ஒளியாண்டு தூரம். பொங்கல் முடிந்து பஸ் ஏறும்போது நீ கேட்டாயே, வெடித்த நட்சத்திரத்திலிருந்து காமா கதிர் எப்படி வருகிறது என்று. அதற்கு விடை தந்தது இதுதான்.

நட்சத்திரம் வெடித்ததும் அதிர்வலை ஒன்று பரவுகிறது. புரோட்டானும் எலக்ட்ரானும் அதை முன்னும் பின்னுமாகத் தாண்டுகையில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் ஏறுகிறது. புளியமரத்து ஊஞ்சலில் உன்னை ஆட்டிவிடுவேனே, ஒவ்வொரு தள்ளும் சின்னதுதான். கடைசியில் உன் கால் கிளையைத் தொடும்.

வேகம் பிடித்த எலக்ட்ரான் வழியிலுள்ள ஒளியை முட்டினாலும் காமா கதிர் வரும். புரோட்டான் வாயு மேகத்தில் மோதினால் பயான் என்ற துகள் பிறக்கும்; அதில் மின்னேற்றம் இல்லாதது உடனே இரண்டு காமா கதிர்களாக உடையும். வருவது எதனுடையது என்று பல வருஷம் வாதம் நடந்தது.

அசையாமல் இருக்கும் அந்தப் பயான் உடைந்தால் கதிர் ஒவ்வொன்றுக்கும் 67.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அதனால் பயான் வழியில் வந்தால், 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே கதிர்கள் சட்டென்று குறைய வேண்டும். ஃபெர்மி செயற்கைக்கோள் நான்கு வருஷம் பார்த்ததில், ஐசி 443, டபிள்யூ 44 என்ற இன்னொரு எச்சம் இரண்டிலும் அந்த இறக்கம் தெரிந்தது. 2013-இல் வெளியிட்டார்கள். அங்கே புரோட்டான் வேகம் பெறுகிறது என்று உறுதியானது. வேறு சில எச்சங்களில் எலக்ட்ரானின் பங்கு பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

இதே மோதல் நம் தலைக்கு மேலும் நடக்கிறது, தம்பி. விண்ணிலிருந்து வரும் புரோட்டான் காற்றில் மோதினாலும் பயான்தான் பிறக்கிறது. மின்னேற்றமுள்ள பயான்கள் மியூயான் என்ற துகள்களாகித் தரைவரை வருகின்றன. ஊட்டியில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கூடத்தில் அவற்றை எண்ணுகிறார்கள். எண்ணுபவை ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள். கோலார் தங்கவயல் சுரங்கச் சோதனையில் ஏற்கெனவே உழைத்த குழாய்களும் அங்கே உண்டு. 166 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் புரோட்டான் வரத்து எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று 2024-இல் உலகுக்குச் சொன்னது அந்தக் கூடம்.

கோவையிலிருந்து உனக்கு ஊட்டி பக்கம்தானே. முன்கூட்டியே அனுமதி கேட்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தக் குழாய்களைக் காட்டு.

அன்புடன்,
உன் அக்கா